ஏழாம் படி

ஒருவர் ஏழு என்று சொன்னதை நான் ஏன் நான்கு என்று எழுதினேன்?

இரண்டு வருடங்களாக இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சில நாள் பதில் கிடைத்துவிட்டது போல இருக்கும். குழந்தைக்குச் சோறு ஊட்டி முடிப்பதற்குள் அது பதில் இல்லை என்று ஆகிவிடும். அதனால் கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதிப் பார்க்கிறேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. கேட்காமல் ஒருவர் பெயரைப் போடுவது சரியில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

செங்கல்பட்டுக்கு வெளியே உள்ள ஒரு ஆலைக் குடியிருப்பில் நாங்கள் இருக்கிறோம். என் கணவர் அங்கே ஜூனியர் இன்ஜினீயர். எங்கள் வீடு மேட்டில் இருக்கும் மேல் வரிசையில் கடைசி வீடு. கொல்லைப்புறம் துவைக்கிற கல்லைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு படிகள் இறங்கினால் பம்பு வீடு. குடியிருப்பின் கழிவுநீர் முழுவதும் குழாய்களில் வந்து அங்கே ஓர் ஆழமான வட்டக் கிணற்றில் சேரும். பம்புகள் அதை இறைத்து அந்தப் பக்கம் இருக்கும் சுத்திகரிப்புத் தொட்டிகளுக்குத் தள்ளும். பம்பு வீட்டுக்கு அப்பால், அதே மட்டத்தில், தொழிலாளிகள் இருக்கும் கீழ் வரிசை. அதற்கும் அப்பால் ஏரி.

அவர் அந்தப் பம்புகளின் ஆபரேட்டர். ஐம்பது வயது இருக்கும். காக்கி அரை டவுசர், தலையில் ஒரு துண்டு. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் படியேறி வந்து துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுகொள்வார். ஒரு நாளும் கல்லைத் தாண்டி வந்ததில்லை. வாங்க என்று நானும் சொன்னதில்லை.

குடிவந்த புதிதில் என் மகளுக்கு ஒரு வயது. அந்த நாற்றம் குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாதோ என்று எனக்கு ஓயாத கவலை. பி.யு.சி. வரை படித்தவள் என்று பெயர். ஆனாலும் யாராவது ஒருவர் ஒன்றும் ஆகாது என்று சொன்னால் போதும் என்றிருந்தது. அவரிடம் கேட்டேன்.

"நாத்தம் இருக்கும்மா. மழக்காலத்துல கம்மி. பங்குனி சித்திரைல ஜாஸ்தி. கெடுதலான்னு எனுக்குத் தெரியாது" என்றார்.

உங்கள் பெண் இங்கேதானே வளர்ந்தாள், நன்றாகத்தானே இருக்கிறாள் என்று விடாமல் கேட்டேன்.

"நல்லாத்தான் கீது. இந்த நாத்தத்தால கெடாம கீதா, நாத்தம் இல்லாட்டி இன்னும் நல்லா இருந்திருக்குமா, அது இன்னான்னு சொல்றது?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே யோசித்துத்தான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அவரிடம் இருந்த ஒரே குணம் என்று சொன்னால் இதுதான். கண்டதைச் சொல்வார். கண்ட அளவுக்கே சொல்வார். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் சேர்க்க மாட்டார். ஏன் என்று கேட்டால் தெரியாது என்பார்.

ஒரு முறை கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை விசாரிக்க வந்தார். மாப்பிள்ளை ஆலையில் ஃபிட்டர். பழைய ஆள் என்று யாரோ சொல்லி அவரிடம் வந்து பையன் எப்படி என்று கேட்டிருக்கிறார். இந்த மாதிரி விசாரணைக்குத் தங்கமான பையன் என்று சொல்வதுதான் எங்கும் வழக்கம். இவர் சொன்னாராம்: "மூணு வருசமா காலைல பாக்கறேன். சிரிச்சுகினு போவான். சாயங்காலம் நான் பாத்ததில்ல." பெரியவர் வெற்றிலையைக்கூட வாங்காமல் பஸ் ஏறிவிட்டார். அந்த ஃபிட்டரின் அம்மா கீழ் வரிசை முழுக்கக் கேட்கும்படி ஒரு வாரம் திட்டினாள். அவர் அவள் எதிரே போகும்போது துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

இன்னொரு முறை ஆலை மேனேஜர் சுற்றிப் பார்க்க வந்தார். எல்லாம் நன்றாக ஓடுகிறதா என்று போகிற போக்கில் கேட்டுவிட்டு நடந்தார். இவர் பின்னாலேயே போய், "ரெண்டாவது மோட்டாரு இந்த மாசத்துல பதினோரு தடவ நின்னுச்சு சார்" என்றார். அன்று என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அந்த ஆளுக்கு என்ன குறைஞ்சு போயிடும்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பம்புகள் வெள்ளைக்காரன் காலத்தவை. தோல் பட்டையால் ஓடுபவை. பட்டை வழுக்கினால் அவர் பிடிப்புக்காகக் குங்கிலியத் தூளைத் தூவுவார். ஒன்று மாற்றி ஒன்று நிற்கும். இரண்டும் சேர்ந்து திணறினால், கிணற்றில் மீறிய நீர் ஒரு பழைய குழாய் வழியாக ஏரிக்குப் போய்விடும். ஏரிப்பாசன விவசாயிகள் மனுமேல் மனு போட்டார்கள். கடைசியில் பம்பு நிலையத்தையே புதுப்பிப்பது என்று ஆலை நிர்வாகம் முடிவு செய்தது. மின்சாரத்தில் நேரடியாக ஓடும் புதுப் பம்புகள், நீர் ஏறினால் தானாக ஓடத் தொடங்கும் மிதவைப் பந்து, எல்லாம். ஏரிக் குழாயை அடைத்துவிடுவது என்றும் தீர்மானம்.

எவ்வளவு பெரிய பம்பு வேண்டும் என்று கணக்கிட, மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் ஒரு மாத அளவு கேட்டார்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை மணிக்கு மணி கிணற்றில் நீர் எவ்வளவு என்று. அளவுகோல் எதுவும் அங்கே கிடையாது. கிணற்றின் உட்சுவரில் இறங்குவதற்கு இரும்புப் படிகள் பதித்திருக்கும். அடியிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு. எத்தனை படி முழுகியிருக்கிறது என்பதுதான் அவருடைய அளவு. அவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும், எழுதத் தெரியாது. மணிக்கு மணி எட்டிப் பார்த்துவிட்டுப் பம்பு வீட்டுச் சுவரில் கரியால் கோடு போடுவார். நாலு படிக்கு நாலு கோடு.

அதை ரிஜிஸ்தரில் ஏற்ற ஆள் வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என் கணவர் என்னிடம் கொடுத்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போவேன். அவர் கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிச் சொல்வார். நான் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். முடிந்ததும் ஒரு முறை படித்துக் காட்டச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்து ரிஜிஸ்தரில் நல்ல பிரதி எழுதுவது என்று ஏற்பாடு.

முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று இடித்தது. காலை வேளையில்தான் எல்லோரும் குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள். அப்போது நாலு படி, மிஞ்சினால் ஐந்து. ஆனால் பகல் மூன்று மணிக் கட்டத்தில் ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் ஏழு. மறுபடி இரண்டு, இரண்டு, எட்டு. நோட்டில் தேதிதான் போட்டிருந்தேன், கிழமை போடவில்லை.

"மூணு மணிக்கு யாரு குளிக்கிறாங்க? இது ஏழுதானா? நாலா இருக்கப் போகுது" என்றேன்.

"ஏழு தாம்மா."

"ஏன் அப்படி?"

"அது எனுக்குத் தெரியாது. ஏழு படி முழுகிக் கெடந்துச்சு. அவ்ளோதான்."

என் கணவரிடம் சொன்னேன். சிரித்தார். போன வருடமும் இப்படித்தான் ஏதோ நம்ப முடியாத அளவு சொன்னாராம். அந்தத் தாளின் ஓரத்தில், என் கணவருக்கு மேலே இருக்கும் ஆபீசர் சிவப்பு மையில், ஆபரேட்டர் குடித்திருந்தாரா என்று விசாரிக்கவும் என்று எழுதி அனுப்பினாராம். அவர் குடிக்க மாட்டார். அது குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மெட்ராஸ்காரர்களுக்குத் தெரியாதே. படித்தவர்கள் நாலு பேர் அந்த ஏழையும் எட்டையும் பார்த்து அவரைக் கேலி செய்வார்கள் என்று நினைத்தேன். இது உண்மை. அப்படி நினைத்தேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆனால் இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது.

நல்ல பிரதி எழுதுவதற்கு முதல் நாள் அவர் துவைக்கிற கல்லருகே வந்து நின்றார். பக்கத்து வீட்டம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"கொழந்த பம்பு வூட்டு கேட்டு வரைக்கும் வந்துச்சும்மா. இந்த வாரத்துல நாலு தடவ."

எனக்கு ஒரு தடவைதான் தெரியும். அதைச் சொன்னேன். நான் உடனே ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன் என்றேன்.

"நீங்க தூக்கனது ஒரு தடவ. நான் தூக்கியாந்து மேல வுட்டது மூணு."

பக்கத்து வீட்டம்மாள் துணியை உதறுவதை நிறுத்திவிட்டாள். அவர் குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. மோட்டார் நின்ற கணக்கைச் சொன்னது போலத்தான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. ஒரு தடவை வந்தாள், இரண்டு தடவை வந்தாள் என்று குறைத்துச் சொல்லியிருக்கலாம். பார்த்துக்கோம்மா என்று மட்டும் சொல்லியிருக்கலாம். குழந்தை கிணற்றுப் பக்கம் போகிறாள் என்ற பயத்தைவிட, நாலு என்று அவர் எண்ணி வைத்திருந்தது எனக்குப் பெரிதாகப் பட்டது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"உங்க வேலையைப் பாருங்க" என்றேன்.

"சரிம்மா" என்று இறங்கிப் போனார். சற்று நேரத்தில் அவர் கேட்டைக் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் குழந்தை தூங்கியதும் ரிஜிஸ்தரை எடுத்தேன். ஒன்பது இடங்களில் ஏழோ எட்டோ இருந்தது. ஒவ்வொன்றாக நான்கு என்று எழுதினேன். எல்லாம் நான்காக இருந்தால் ஜோடித்தது போலத் தெரியும் என்று இரண்டு இடங்களில் ஐந்து போட்டேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக வந்திருந்தது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கைநாட்டு வைக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போனேன். பெருவிரலை மை அட்டையில் ஒற்றிவிட்டுக் கேட்டார்.

"நோட்டுல படிச்சுக் காட்டனீங்களே, அதேதானம்மா?"

"அதேதான்" என்றேன்.

வைத்தார்.

அந்த அளவைப் பார்த்து மெட்ராஸ் கம்பெனி இரண்டு சின்னப் பம்புகள் போதும் என்றது. மூன்றாவதாக ஒன்றை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று என் கணவர் கேட்டிருந்தார். இந்த நீருக்கு அது வீண் செலவு என்று ஆபீசர் அடித்துவிட்டார். வேலை நாலு மாதம் நடந்தது. பழைய பட்டைப் பம்புகளைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். ஏரிக் குழாயின் வாயைச் செங்கல் வைத்துச் சிமெண்டால் பூசினார்கள். திறப்பு விழாவுக்காகப் பம்பு வீட்டுக்கு உள்ளும் புறமும் வெள்ளையடித்தார்கள். சுவரில் இருந்த கரிக்கோடுகள் எல்லாம் போயின.

நல்ல நாள் என்று ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள். காலையில் பூஜை. மோட்டார்களுக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சுவிட்சைப் போட்டார்கள். சத்தமே இல்லாமல் ஓடின. எங்கள் வீட்டு முன்புறம் பந்தல் போட்டு ஆபீசருக்கும் மெட்ராஸ்காரர்களுக்கும் சாப்பாடு. நான் பாயசம் பரிமாறினேன்.

மூன்றரை மணி இருக்கும். அவர் வந்தார். முதல் முறையாகத் துவைக்கிற கல்லைத் தாண்டி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பந்தலுக்கே வந்துவிட்டார்.

"சார், எட்டு தாண்டிடுச்சு. பழைய குழாய தெறக்கணும்."

ஆபீசர் சிரித்தார். "புது மெஷின்யா. தானா ஓடும். பயப்படாதே."

"ரெண்டும் ஓடிகினுதான் கீது சார். தண்ணி எறங்கல."

எல்லோரும் எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் ஒன்பது. கொத்தனாரைத் தேடி அழைத்து வந்து பூச்சை உடைக்கத் தொடங்கும்போது பத்து. கீழ் வரிசைக் குளியலறைகளின் தண்ணீர் போகிற ஓட்டை வழியாகக் கழிவுநீர் மேலே வந்தது. முற்றத்துக்கு வந்து, வாசற்படியைத் தாண்டி, அறைகளுக்குள் போனது. பாய், தலையணை, அரிசி, பிள்ளைகளின் புத்தகங்கள்.

கீழ் வரிசையின் முதல் வீடு அவருடையது. அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், பிள்ளை பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். பச்சைக் குழந்தை பக்கத்தில். அடுத்த வீட்டில் இருந்த ஸ்டோர் கீப்பரின் மனைவி ஓடிப்போய்த் தாயையும் பிள்ளையையும் தூக்கித் தன் வீட்டுக் கட்டிலில் போட்டிருக்கிறாள். அவர் வீட்டுப் பக்கம் போகவே இல்லை. குழாய் உடைபட்டு நீர் இறங்கும்வரை கிணற்றின் விளிம்பிலேயே நின்று, படியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பத்து. பத்து. ஒம்பது.

நான் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வரிசைக்கு ஒரு சொட்டு வரவில்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாயசப் பாத்திரத்தை ஊறப்போட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

மறுநாள் பழைய துணிகளும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். ஸ்டோர் கீப்பரின் மனைவி வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். அல்லா காப்பாத்தினான், பிள்ளை பிழைத்தது என்றாள். மூன்று மணிக்கு எங்கிருந்து இவ்வளவு நீர் வந்திருக்கும் என்று, யாரையும் கேட்பது போல அவளைக் கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"செவ்வா வெள்ளி ரெண்டரைக்குத்தானே கொழாய்ல நல்ல தண்ணி வருது? பழைய தண்ணிய வெச்சுகினு இன்னாம்மா பண்றது? ட்ரம்மு, அண்டா, தொட்டி எல்லாத்தையும் கொட்டிக் கழுவிட்டுத்தானே புதுசு புடிப்போம். நீங்க கொட்ட மாட்டீங்களா?"

நானும் கொட்டுவேன். குழந்தைக்கு ஆகாது என்று, காய்ச்சி வடிகட்டி வைத்ததைக்கூடக் கொட்டிவிடுவேன். குடியிருப்பு முழுவதும் எல்லா வீட்டுப் பெண்களும் அதே அரை மணி நேரத்தில் கொட்டுகிறோம். வருகிற தண்ணீரைப் பற்றி எனக்கு எவ்வளவு கவலை! போகிற தண்ணீரை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவருக்கும் காரணம் தெரியாது. ஆனால் அவர் ஏழு என்று பார்த்தார், ஏழு என்று சொன்னார்.

விசாரணை எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. ஆபீசர், என் கணவர், மேஜைமேல் ரிஜிஸ்தர். அவர் வாசலில் நின்றார். நான் காபி கொண்டு வந்தேன்.

மாதம் முழுக்க ஐந்து படிக்கு மேல் ஏறியதே இல்லை என்று உன் ரிஜிஸ்தரே சொல்கிறது, அன்று மட்டும் எப்படிப் பத்து ஏறியது, நீ குப்பையைத் தடுக்கிற கம்பியை வாராமல் விட்டிருக்கிறாய் என்றார் ஆபீசர்.

"கம்பி வாரனேன் சார். காலைல ஒரு தபா, ரெண்டு மணிக்கு ஒரு தபா. அளவு ஏழுன்னு சொன்னேன். எட்டும் சொன்னேன். செவுத்துல போட்டிருந்தேன்."

"செவுத்துல எங்கே இருக்கு?"

"வெள்ளையடிச்சிட்டாங்க சார்."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்கதானேம்மா எழுதினீங்க? ஏழுன்னு சொன்னாரா?"

நோட்டு அடுத்த அறையில், அலமாரியில், குழந்தையின் துணிகளுக்கு அடியில் இருந்தது. என் கணவர் என்னைப் பார்க்காமல் ரிஜிஸ்தரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் சரிபார்த்தேன் என்று அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ஞாபகம் இல்லை சார்" என்றேன்.

"பாவம், ஆறு மாசத்துக்கு முந்தின விஷயம்" என்று ஆபீசர் எனக்காகச் சொன்னார். பிறகு அவரைப் பார்த்து, "அப்போ அம்மா மாத்தி எழுதிட்டாங்கன்னு சொல்றியா?" என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எழுதனத நான் பாக்கல சார். பாக்காதத சொல்ல மாட்டேன்."

கம்பி வாராததால் நேர்ந்தது என்று முடிவு எழுதினார்கள். மகாபலிபுரம் கடற்கரையில் ஆலைக்கு ஒரு விருந்தினர் விடுதி இருக்கிறது. அங்கே தோட்டத்துப் பம்புக்கு, சம்பளத்தைக் குறைத்து, அவரை மாற்றினார்கள். உடைத்த ஏரிக் குழாயைத் தற்காலிகமாக அப்படியே விட்டார்கள். மீறுகிற நீர் மறுபடி ஏரிக்குப் போயிற்று. கீழ் வரிசையில் பிறகு நீர் ஏறவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. என் கணவர்கூடக் கேட்கவில்லை. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாக நாங்கள் சண்டை போட்டதில்லை.

போன மாதம் என் நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. எல்லோரும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் மகாபலிபுரம் போனோம். சாப்பாட்டுக்கு ஆலை விடுதியில் சொல்லியிருந்தார் என் கணவர். மற்றவர்கள் பாறைக்கோயில் பார்க்கப் போனார்கள். குழந்தைக்கு வெயில் ஆகாது என்று நான் நின்றுகொண்டேன். அது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

தோட்டத்துக் கிணற்றடியில் அவர் இருந்தார். மெலிந்திருந்தார். கிணற்றுக்குள் ஒரு கயிறு தொங்கியது. இந்தக் கிணற்றில் படி இல்லை, அதனால் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். யாரும் கேட்கிறார்களா என்றேன். இல்லை என்றார்.

பேரக்குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நடக்குது. பேச்சு வந்துடுச்சு. எடது காதுல சீழ் வந்துகினே கீது. பொறந்த பதினஞ்சாம் நாள்லேர்ந்து. அன்னிக்கு வந்த தண்ணியாலயான்னு எனுக்குத் தெரியாது."

என் மகள் அதற்குள் கயிற்றைப் பிடித்து இழுக்கப் போனாள். அவர் அவளை மெல்லத் தள்ளி என் பக்கம் விட்டார். நான் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ரிஜிஸ்தர்ல ஏழு எப்படி நாலாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுச் சொன்னார்: "நெனச்சது உண்டு. நெனச்சத நான் சொல்றதில்ல."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. நான் சொல்லிவிட்டால் அது அவர் காதால் கேட்டது ஆகிவிடும். பிறகு யார் கேட்டாலும் அவர் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லிவிடுவார் என்று பயந்தேன். சொல்லாமல் விட்டது அவரைக் காப்பாற்றவா, என்னையா, என் கணவரையா? எப்போதும் போல எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் திரும்பி வந்தார்கள். சாப்பிட்டோம்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கீழ் வரிசைக்கும் அப்பால், ஏரிக்கரையை ஒட்டிப் புதிதாக நாற்பது வீடுகள் கட்டுகிறார்கள். அவற்றின் கழிவுநீரும் இதே கிணற்றுக்கு வரப் போகிறது. விவசாயிகளின் மனு மறுபடி மேலே போயிருப்பதால் ஏரிக் குழாயை இந்த முறை நிரந்தரமாக அடைக்கிறார்கள். இருக்கிற பம்புகள் போதுமா என்று பார்க்க மெட்ராஸ்காரர்கள் அந்த ஒரு மாத அளவைத்தான் கேட்கிறார்கள். மாதம் முழுக்க வேறு அளவு எடுத்ததே இல்லை. ரிஜிஸ்தர் தாள்கள் மஞ்சளாகிவிட்டன, புதிதாக ஒரு பிரதி எழுதிக் கொடு, தீபாவளிக்குப் பிறகு அனுப்பினால் போதும் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார்.

ஏழு என்று எழுதினால் பழைய ரிஜிஸ்தரில் இருக்கும் என் கணவர் கையெழுத்துக்கு என்ன பதில்? வேலை போனாலும் போகும். முதலில் கணவரிடம் சொல்லலாம் என்றால், அவர் எழுதாதே என்று சொல்லிவிட்டால் நான் அதற்குக் கட்டுப்பட்டவள் ஆகிவிடுவேன். நான்கு என்றே எழுதினால், அந்த நாற்பது வீடுகளிலும் யாராவது ஒருத்தி தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பாள். நோட்டை எடுத்துக்கொண்டு நேரே மேனேஜரிடம் போகலாமா என்றும் யோசித்தேன். போனால் ஆபரேட்டருடைய பழைய சம்பளத்தைத் திருப்பிக் கொடுப்பார்களா, அதையும் கேட்கலாமா, எனக்கு அந்த உரிமை இருக்கிறதா?

என் பெயரைப் போட வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் கணவர் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை. படித்தால் தேவலை என்றும் சில சமயம் தோன்றுகிறது.

முதல் பக்கத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். இரண்டாவது வரியில், பகல் மூன்று மணிக் கட்டத்தில் நிறுத்தியிருக்கிறேன். படிப்பவர்களில் குழந்தை பெற்றவர்கள் இருப்பீர்கள். உத்தியோகஸ்தரின் மனைவியாக இருப்பவர்கள் இருப்பீர்கள். அந்தக் கட்டத்தில் எந்த எண்ணை எழுதுவது என்று என்னிடம் கேட்காதீர்கள், அது எனக்குத் தெரியும். எழுதிய தாளை முதலில் யார் கையில் கொடுக்க வேண்டும் என்று மட்டும், தீபாவளிக்கு முன்னால் யாராவது எழுதுங்கள்.